சம்பந்திகளுக்குக் கப்பலில் ரூம் போட்ட கதை

ஒரு முடிவு எடுக்க வேண்டுமென்றால் எனக்கு உட்கார்ந்து யோசிக்க வராது. எழுந்து நடப்பேன். குக்கர் வாங்கப் போனால்கூட சின்னதா பெரியதா என்று கடைக்குள்ளேயே உலாத்துவேன். கடைக்காரர் பரிதாபப்பட்டு நாற்காலி போடுவார், அதிலும் என் கைப்பைதான் உட்காரும். இப்படிப்பட்டவளிடம், ஒரு கப்பலில் யாருக்கு எந்த ரகத்து ரூம் என்று தீர்மானிக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது. (வந்து சேர்ந்தது என்று சொல்வது அநியாயம். நானேதான் போய் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.)

காரணம் என் கல்யாணப் பந்தி. என் மாமனார் விளாங்குடிக்காரர், ஓய்வுபெற்ற எஞ்சினியர். அன்றைக்கு அவர் முதல் பந்தியில் தன் ஆட்களோடு உட்கார்ந்தார், சாப்பிட்டார், கை கழுவினார். பக்கத்தில் நின்று "சாம்பார் கொண்டா, இங்க ஒரு அப்பளம்" என்று ஓடிக்கொண்டிருந்த என் அப்பாவைப் பார்த்து, "நீங்களும் உக்காருங்க சம்பந்தி" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாமனாருக்குச் சர்க்கரை, மாத்திரை போட்டிருந்தார், பசியில் கண் தெரியவில்லை என்று என் மாமியார் விளக்கம் சொன்னார். அப்பா அதை ஏற்கவில்லை. வில்லாபுரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர் அவர். கடையில் ஆணி எண்ணித் தரும்போது இருக்கிற அதே கவனத்தோடு மரியாதையையும் எண்ணுவார்.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. எங்காவது சந்தித்தால் தலையை ஆட்டிக்கொள்வார்கள். கொஞ்ச நேரத்தில் யாராவது ஒருவர் "வேல இருக்கு, வாரேன்" என்று எழுந்து பஸ் ஏறிவிடுவார். என் மகள் நிலாவின் பிறந்தநாள் கேக் காலையில் விளாங்குடியில் ஒன்று, சாயங்காலம் வில்லாபுரத்தில் ஒன்று என்று ஆனது. இப்போது அவளுக்குக் காதுகுத்து வைக்க வேண்டும்.

"பேசாம ஒரு காதை இங்க குத்துவோம், இன்னொண்ண அங்க குத்துவோம்," என்றார் என் கணவர் பிரபு.

நான் சிரித்தேன். அப்புறம் அடுப்படிக்குப் போய் அழுதேன். அந்தப் பிள்ளை இரண்டு வீட்டுக்கும் நடுவில் பங்கு போடப்பட்டே வளரப் போகிறாள் என்ற பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது.

கப்பல் யோசனை அப்போதுதான் வந்தது. சென்னையிலிருந்து கிளம்பி, கடலில் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடும் உல்லாசக் கப்பல். என் கணக்கு மிக எளிமையானது. நிலத்தில் இருந்தால் யாரும் எழுந்து போய்விடலாம். நடுக்கடலில் இருந்து வில்லாபுரத்துக்குப் பஸ் கிடையாது.

டவுனில் டிராவல்ஸ் வைத்திருக்கும் முருகேசன் அண்ணனிடம் போனேன். அவர் படம் போட்ட புத்தகத்தை விரித்தார்.

"தங்கச்சி, ரகம் மூணு. ஜன்னலே இல்லாத உள்ரூமு, ஜன்னல் வச்ச ரூமு, பால்கனி ரூமு. எது போடட்டும்?"

நான் எழுந்து நடக்க ஆரம்பித்தேன்.

உள்ரூமில் போட்டால் "எங்களைப் பொந்துக்குள்ள அடச்சிட்டா" என்பார்கள். பால்கனி போடலாம் என்றால் அப்பாவுக்கு அது ஆடம்பரம், "யாரு காசுல?" என்று ஆரம்பிப்பார். வீட்டில் கருத்து கேட்டேன். (கேட்டிருக்கக் கூடாது.) "பால்கனின்னா துணி காயப்போடக் கொடி கட்டியிருப்பாகளா?" என்றார் மாமியார். "ஜன்னல் இருந்தா வாந்தி வராதாமே?" என்றாள் அம்மா. மாமனார் செய்தித்தாளை இறக்காமலே, "எஞ்சின் சத்தம் கேட்காத இடமா பார்" என்றார். அப்பா, "உங்க வீட்டு ஆளுகளுக்கு எதுவோ, அதுவே எங்களுக்கும். கூடவும் வேணாம், குறையவும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நான் தூக்கத்தைத் தொலைத்தேன். இரண்டு ஜோடிக்கும் ஜன்னல் ரூம் என்று முடிவு செய்தேன். சரி, ஒரே மாடியா? ஒரே மாடி என்றால் லிஃப்ட் யாருக்குப் பக்கம்? ஒருவருக்கு இடப்பக்கம் கிடைத்து இன்னொருவருக்கு வலப்பக்கம் கிடைத்து, கரை ஒரு பக்கம் மட்டும் தெரிந்தால்? முருகேசன் அண்ணனுக்கு ஸ்கூல் இடைவேளையிலெல்லாம் போன் போட்டேன். (நான் கணக்கு டீச்சர். சமன்பாட்டின் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தே பாழாய்ப் போனவள்.)

கடைசியில் அவரே தாங்க முடியாமல் ஒரு வழி சொன்னார். "தங்கச்சி, இன்னொரு மாதிரியும் இருக்கு. ரகத்த மட்டும் நாம சொல்லிட்டா, எந்த ரூமுங்கிறதக் கப்பல்காரனே போட்டுருவான். கேட்ட ரகத்துக்குக் குறையாது. காலியா இருந்தா மேல்ரகம்கூட அவனாக் குடுப்பான்."

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. ரூம் போட்டது கப்பல்! நான் இல்லை! யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது! மூன்று ஜோடிக்கும் ஜன்னல் ரகம் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கினேன். மேல்ரகம்கூடக் கிடைக்கும் என்று அவர் சொன்னதை, நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்ட முட்டாள் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கப்பலில் ஏறிய பிறகு முதலில் அப்பா அம்மாவை அவர்கள் ரூமில் விட்டேன். நல்ல ரூம், மெத்தை, டிவி எல்லாம் இருந்தது. அம்மா ஆசையாகப் போய்த் திரையை விலக்கினாள். ஜன்னலுக்கு வெளியே, கை எட்டும் தூரத்தில், ஜன்னல் முழுக்க ஆரஞ்சு நிறம்.

"என்னடி, எதுத்தாப்புல சுவரு கட்டியிருக்காக?"

அது சுவர் இல்லை. ஆபத்துக் காலத்தில் ஆட்களை ஏற்றிக் கடலில் இறக்கும் படகு. அதைக் கொண்டுவந்து சரியாக என் அப்பாவின் ஜன்னலுக்கு நேராகத் தொங்கவிட்டிருந்தார்கள். கடல் என்று ஒன்று இருப்பதற்கான அடையாளம் கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது.

அப்பா கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். "சம்பந்திக்கு எந்த ரூமு?" என்று மட்டும் கேட்டார்.

"இதே மாதிரிதான்ப்பா," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படியேறி, மூச்சிரைக்க மாமனார் ரூமுக்குப் போனால், கதவு திறந்ததும் காற்று முகத்தில் அடிக்கிறது. பால்கனி! இரண்டு சாய்வு நாற்காலி! எதிரே மொத்தக் கடல்! மாமனார் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேப்டன் மாதிரி நின்றிருந்தார்.

"பரவாயில்லம்மா சுதா. நல்லாத்தான் போட்டிருக்கே," என்றார். கல்யாணமாகி இத்தனை நாளில் அவர் என்னைப் பாராட்டிய முதல் வார்த்தை அது. அதை அனுபவிக்கக்கூட எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

கப்பல்காரன் இந்த ஒரு ரூமுக்கு மட்டும் மேல்ரகம் கொடுத்துவிட்டான். கீழே வரவேற்பு மேஜைக்கு ஓடினேன். வேறு ரூம் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் நிரம்பிவிட்டது என்று அந்தப் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள். "அப்படியானால் பால்கனியை எடுத்துக்கொண்டு மட்டமான ரூம் கொடுங்கள்" என்று கெஞ்சினேன். இப்படி ஒரு கோரிக்கையை அவள் அதற்கு முன் கேட்டதில்லை போலிருக்கிறது. பெரிய அதிகாரியைக் கூட்டிவந்தாள். அவருக்கும் புரியவில்லை. சம்பந்தி மரியாதை என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது?

என் ரூமில் ஒழுங்கான ஜன்னல் இருந்தது. அதை அப்பாவுக்குக் கொடுத்துவிடலாம் என்று நினைத்து மறுபடி மேலே ஓடினால், நடைபாதையில் என் மாமியார் முறுக்கு டப்பாவோடு எதிரே வருகிறார். பக்கத்தில் என் அம்மா. பின்னால் அப்பா.

"சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோட போகக் கூடாதுல்ல, அதான் முறுக்கு கொண்டுபோய்க் குடுத்தேன். எங்க பால்கனியப் பாருங்கன்னு கூட்டிட்டு வந்துட்டேன்," என்றார் மாமியார், உலகத்து நல்லெண்ணம் முழுவதையும் முகத்தில் வைத்துக்கொண்டு.

அப்பா அந்தப் பால்கனியை வாசலில் நின்று பார்த்தார். உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. மாமனார் தலையை ஆட்டினார், இவரும் ஆட்டினார். திரும்பி நடந்தார். நான் பின்னாலேயே போனேன்.

"அப்பா, கப்பல்காரங்க போட்டதுப்பா. நான் போடலப்பா."

"சரி பாப்பா."

"நெசமாப்பா!"

"உனக்கு இனி அந்த வீடுதான் வீடு. அதுல ஒண்ணும் தப்பில்ல," என்றார். "ஆனா அவருக்குக் கடலக் காட்டிட்டு, அப்பனுக்குச் சுவரக் காட்டிட்டியே."

எனக்குக் கடலில் குதித்துவிடலாம் என்று தோன்றியது. (நீச்சல் தெரியாது, அதனால் அந்த யோசனையும் ரத்து.)

அந்த நேரத்தில்தான் கப்பல் முழுக்க விசில் அலறியது. கிளம்பும் முன் எல்லோரையும் கூட்டி, கப்பலுக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது என்று சொல்லிக் காட்ட வேண்டுமாம். எல்லோரும் போய் நின்றோம். ஒரு சிப்பந்தி மிதவைச் சட்டையை மாட்டி, கட்டிக் காட்டி, விசில் ஊதினார். கப்பல் மூழ்கும் என்ற எண்ணமே அதுவரை யாருக்கும் வரவில்லை. அவர் விளக்கிய விளக்கத்தில் எல்லோருக்கும் வந்துவிட்டது. மாமியார் தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மாமனார் எஞ்சினியர் அல்லவா, விடவில்லை. "எங்களுக்கு எந்தப் படகு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். இரண்டு மாடி இறங்கி, மறுபக்கம் போய், கடைசியில் இருப்பது என்று சிப்பந்தி காட்டினார். "இவருக்கு?" என்று மாமனார் என் அப்பாவைக் காட்டினார். அப்பாவின் ரூம் நம்பரைப் பார்த்த சிப்பந்தி சிரித்தார். "அவருக்கென்ன சார், ஜன்னலுக்கு வெளியேதான் தொங்குது."

மாமனார் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்.

"ஓஹோ," என்றார். "உங்க அப்பா அம்மாவுக்கு வாசல்லயே படகு. நாங்க கடலை வேடிக்கை பாத்துக்கிட்டே போய்ச் சேர வேண்டியதுதான். இல்லையாம்மா?"

"மாமா, கப்பல்காரங்க போட்டது மாமா!"

"எல்லாம் யோசிச்சுத்தான் போட்டிருக்கே. கணக்கு டீச்சர்ல?"

அப்பாவின் முதுகு நிமிர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். சற்று முன்பு சுவர் என்று சொன்ன அதே வாயால், "எம் பொண்ணு விவரமானவ சம்பந்தி" என்றார். அவர் மாமனாரிடம் பேசி எத்தனையோ நாளாகியிருந்தது. பேசியது இப்படி ஒரு வாக்கியம்.

அதோடு நிற்கவில்லை. மாமனார் படகைப் பார்த்தே ஆக வேண்டும் என்று அப்பா ரூமுக்கு வந்துவிட்டார். "ரூமை மாத்திக்கலாம், நீங்க பால்கனிக்குப் போங்க," என்றார். அப்பா, "எனக்குன்னு போட்ட ரூமு, தர முடியாது" என்றார். "படகை எப்படி இறக்கணும்னு எஞ்சினியர் எனக்குத்தான் தெரியும்" என்றார் அவர். "கொக்கி, கப்பி, போல்ட்டு அம்புட்டும் நான் வித்த சாமான்" என்றார் இவர். நான் கதவருகே குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். காதுகுத்து போச்சு, எல்லாம் போச்சு.

"அந்தக் கொக்கியப் பாருங்க. துரு," என்றார் மாமனார், கண்ணாடியில் விரலை வைத்து.

"துரு இல்ல. கிரீஸு."

"துருதான்."

"நாப்பது வருசமா கொக்கி விக்கிறேன் சம்பந்தி. கிட்ட வாங்க. இங்கிட்டிருந்து பாருங்க."

இரண்டு தலையும் ஒரே கண்ணாடியில் ஒட்டிக்கொண்டன. பிறகு மாமனார், "கிரீஸ்தான்" என்றார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நீங்களும் வாங்க" என்று கட்டிலைத் தட்டினார், ஏதோ அவருடைய ரூம் மாதிரி. அப்பாவும் உட்கார்ந்தார்.

அதன் பிறகு கப்பல் திரும்பி வரும்வரை மாமனார் அந்த ரூமை விட்டு நகரவில்லை. கடலைப் பார்த்தால் தலை சுற்றுகிறதாம், படகைப் பார்த்தால் சுற்றவில்லையாம். அம்மா பெட்டியைத் தூக்கிக்கொண்டு பால்கனி ரூமுக்குப் போய்விட்டாள். அங்கே இரண்டு பெண்களும் கம்பியில் சேலை காயப்போட, கப்பல்காரர்கள் இரண்டு தடவை வந்து எடுக்கச் சொன்னார்கள். நானும் பிரபுவும் அந்த ரூமுக்கும் இந்த ரூமுக்கும் காபி சுமந்தோம். எங்கள் ஜன்னல் வழியாகக் கடல் எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள், நிலாதான் பார்த்தாள்.

ஒருமுறை காபியோடு போனபோது கதவு ஒருக்களித்திருந்தது. "நம்ம புள்ளைக்கு எல்லாம் இருக்கு சம்பந்தி, நிதானம்தான் இல்ல. இப்படியா ரூம் போடுவா?" என்றது மாமனாரின் குரல். "சின்னதுலருந்தே அப்படித்தான். ஒரு எடத்துல நிக்க மாட்டா," என்று அப்பா ஒத்து ஊதினார். நம்ம புள்ளை என்று மாமனார் சொன்னதை நான் அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்டேன். காபி ஆறும்வரை வெளியிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

காதுகுத்து போன மாதம் சோழவந்தான் பக்கத்தில் ஒரு கோயிலில் நடந்தது. இரண்டு காதும் ஒரே இடத்தில்தான். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே வேன். ஏறியவுடனே இரண்டு சம்பந்திகளும் பின்னால் அவசரக் கதவுக்குப் பக்கத்துச் சீட்டைப் பிடித்துக்கொண்டார்கள். எங்கே போனாலும் இப்போது இதே கதைதான். பஸ், சத்திரம், ஆஸ்பத்திரி வராண்டா எதுவானாலும், "இதுல படகுப் பக்கம் எது?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள்.

நான் நிலாவை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர்களிடம் போனேன். நடுவில் ஒரு ஆள் உட்கார இடம் இருந்தது.

மாமனார் துண்டை எடுத்து அந்த இடத்தில் போட்டார். "பிள்ளையைக் குடுத்துட்டுப் போ. இங்க இடமில்லம்மா."

அப்பா நிலாவை வாங்கி மடியில் வைத்துக்கொண்டே டிரைவர் பக்கத்து ஒற்றைச் சீட்டைக் காட்டினார். "நீ போய் பால்கனியில உக்காரு பாப்பா," என்றார். வேனே சிரித்தது, விஷயம் தெரியாத டிரைவர் உட்பட.