பூவிழி எழுதாத பதினொரு கடிதங்கள்

மரக்காணம்,
17-2-2006

பெருமுக்கல் பெரியவர், எங்களுக்குச் சம்பந்தியாக வரச் சம்மதித்த (அந்தச் சம்மதம் இன்னும் மாறவில்லை என்று நான் நம்பிக்கொண்டிருக்கும்) திரு. தனக்கோடி அவர்களுக்கு, மரக்காணம் உப்பளத்து மேஸ்திரி கண்ணாயிரம் இரு கையும் கூப்பி எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவி விருத்தாம்பாளும் மகள் பூவிழியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும், மாப்பிள்ளை அறிவழகனும், பாண்டிச்சேரியில் வாழ்க்கைப்பட்டிருக்கும் தங்கள் மூத்த மகள் நிவேதாவும் அவ்வாறே இருக்க எங்கள் தெரு அம்மனை வேண்டுகிறேன். எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பது கம்ப்யூட்டர் ஒன்றுதான். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். மாசி இருபதாம் தேதி நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்தோம், இப்போது இரண்டு வாரமாகத் தங்களிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. தரகர் சுப்ராயன் போன வாரம் வந்தார். கொடுத்த டீயைக் குடிக்காமல் ஆறவிட்டு, "மாப்ள வூட்ல கொஞ்சம் யோசிக்கிறாங்க போல இருக்குது மேஸ்திரி" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார். தாங்கள் எதை யோசிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பூவிழி பெயரில் மாப்பிள்ளைக்கு வந்த அந்தப் பதினொரு ஈமெயிலைத்தான். ஐயா, சத்தியமாகச் சொல்கிறேன், அவற்றில் ஒன்றைக்கூட என் மகள் எழுதவில்லை.

விஷயம் எங்களுக்கே தங்கள் மகள் சொல்லித்தான் தெரியும். பொங்கல் முடிந்து பத்து நாள் இருக்கும், நிவேதா போன் செய்து, "பூவிழி, உன் பேர்ல எனக்கு ரெண்டு மெயில் வந்துருக்குது, தம்பிக்குப் பதினொண்ணு வந்துருக்குதாம், நீதான் அனுப்புனியா?" என்று கேட்டது. ஒன்றுக்குத் தலைப்பு 'என் படங்களைப் பார்' என்று இங்கிலீஷில் இருந்ததாம். இன்னொன்றின் தலைப்பைப் பூவிழி என்னிடம் சொல்ல மறுத்துவிட்டாள். பெண்ணைப் பெற்றவன் என்பதால் நானும் வற்புறுத்தவில்லை. பிறகுதான் தெரிந்தது, எங்கள் கம்ப்யூட்டருக்குள் வைரஸ் புகுந்திருக்கிறது, அது உள்ளே இருக்கிற விலாசத்தையெல்லாம் எடுத்து, வீட்டுக்காரர் பெயரில் தானே கடிதம் எழுதி, தானே அனுப்புகிறது என்று. எனக்கு ஐம்பத்தாறு வயதாகிறது. பிறத்தியார் பெயரில் பொய்க் கடிதம் எழுதுகிற மனிதர்களை இந்த ஊரில் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு, நம்முடைய கரண்ட்டில், நம்முடைய போன் லைனில் எழுதுகிற ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன்.

"சிஸ்டம் ஃபைல் எல்லாத்துலயும் தொத்திக்கிச்சும்மா" என்று பூவிழி தன் அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், விருத்தாம்பாள் வாசலில் வேப்பிலை கட்டிவிட்டாள். மானிட்டர் தலையில் ஒரு கொத்து. பக்கத்தில் ஒரு சொம்பு மோர். "கம்ப்யூட்டருக்கு வந்தது அம்மை இல்லடி" என்று நான் சொன்னேன். "தொத்துற நோவு வூட்டுக்குள்ள வந்துடுச்சில்ல? அது யாருக்கு வந்தா இன்னா?" என்று கேட்டாள். இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் எழுதவும். அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக் கூடாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் வீட்டில் கடுகு வெடிக்கிற சத்தம் கேட்டு இருபத்து மூன்று நாளாகிறது. மூன்றாம் நாள் அந்த மோர்ச் சொம்பு கீபோர்டில் சாய்ந்துவிட்டது. வைரஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, கீபோர்டுதான் போய்விட்டது, வேறு வாங்கி மாட்டினேன்.

வைரஸைப் பிடிக்க ஒரு சாஃப்ட்வேர் போட்டோம். அது ஒவ்வொரு ஃபைலாக முகர்ந்து பார்த்துக்கொண்டு ஐந்து மணி நேரம் ஓடுகிறது, முக்கால்வாசி ஓடியதும் எங்கள் ஊரில் கரண்ட் போகிறது, வந்ததும் மறுபடி முதலிலிருந்து முகர்கிறது. நாலு நாள் இப்படியே போய், ஐந்தாம் நாள் ஒருவழியாக முடிந்து, கண்டுபிடித்தது நாற்பத்து மூன்று, சுத்தம் செய்தது பூஜ்யம் என்று காட்டியது. ஏன் என்று பார்த்தால் நாற்பத்து மூன்றுக்கும் நேராக 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று இங்கிலீஷில் போட்டிருக்கிறது. என் வீடு, என் பெட்டி, என் மகள் கல்யாணம், அனுமதி மறுக்க இது யார்?

பிறகு கூனிமேட்டிலிருந்து மெக்கானிக் சேட்டுவை அழைத்து வந்தேன். நல்ல கைராசிக்காரன், வாய்தான் கொஞ்சம் நீளம். பார்த்துவிட்டு, "மேஸ்திரி, தனி ஃபைலா இருந்தா தூக்கிப் போட்டுடலாம். இது சிஸ்டம் ஃபைலுக்குள்ளயே பூந்துக்கிச்சு. உப்புல நைஸ் மணல் கலந்துட்டா எப்டிப் பிரிப்ப?" என்றான். உப்பைக் கரைக்காமல் பிரிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். மெஷினைப் போடும்போதே எஃப் எட்டு பட்டனை அமுக்கி, சேஃப் மோடு என்று ஒரு மங்கலான திரைக்குள் போய் பதினெட்டு ஃபைலை அழித்தான். மறுபடி போட்டால் பதினெட்டும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கேட்டால், ஏதாவது தொலைந்தால் திருப்பி வைப்பதற்காக வின்டோஸ் எல்லாவற்றையும் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுமாம், வைரஸுக்கும் சேர்த்து எடுத்து வைத்திருக்கிறதாம். அந்த வசதியை நிறுத்திவிட்டு, ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்றை அவன் நிறுத்தப் போக, இன்னும் அறுபது விநாடியில் எல்லாம் அணைந்துவிடும் என்று திரையில் ஒரு கட்டம் வந்தது. நான் பதற்றத்தில் ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று வாய்விட்டுப் படித்துவிட்டேன். சுனாமி அலை வந்த வருஷத்திலிருந்து எங்கள் தெருவில் யாராவது இப்படிக் கத்தினால் என்ன ஏது என்று யாரும் கேட்பதில்லை. விருத்தாம்பாள் நகைப் பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினாள், அவளைப் பார்த்துப் பக்கத்து வீடு ஓடியது, முப்பதுக்கு வருவதற்குள் ஒன்பது குடும்பம் ஈசிஆர் ரோட்டில் நிற்கிறது. அவர்களைத் திரும்ப அழைத்து வந்து நான் பட்ட அவமானத்தை எழுத இந்தத் தாள் போதாது.

இனி அடுத்தவனை நம்பக் கூடாது என்று முடிவு செய்தேன். முப்பது வருஷமாகப் பாத்தி பார்க்கிறவன் நான். ஒரு பாத்தியில் கசப்புத் தண்ணீர் ஏறிவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். முதலில் மடையை அடைக்க வேண்டும். ஆகவே தை பத்தொன்பதாம் தேதி, சுவரிலிருந்து வருகிற போன் ஒயரையே பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். இனி எங்கள் வீட்டிலிருந்து அசிங்கமாக ஒரு எழுத்து வெளியே போகாது. ஒயர் கையில் கிடைத்தால் மறுபடி மாட்டிவிடுவார்கள் என்று, லைன் ரிப்பேர், எக்சேஞ்சில் சொல்லியிருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவைத்தேன். அன்றைக்கு மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டேன். ஆனால் ஐயா, ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதே தை பத்தொன்பதிலிருந்து தங்கள் வீட்டிலிருந்து ஒரு போன்கூட வரவில்லை. வாரம் இரண்டு தடவை பேசிக்கொண்டிருந்தவர்கள் ஒரேயடியாக நிறுத்திக்கொண்டால் நாங்கள் என்னவென்று நினைப்பது? நான் வாசலைப் பார்க்கிறேன், பூவிழி போனைப் பார்க்கிறாள், இப்படியே பதினைந்து நாளுக்கு மேல் ஆகிறது.

மடையை அடைத்த பிறகு பாத்தியை வடிக்க வேண்டும், அதுதான் முறை. பூவிழி திண்டிவனம் போயிருந்த நாளில், சேட்டு அமுக்கிய பட்டனையே நானும் அமுக்கி உள்ளே போனேன். நாற்பத்து மூன்று நோயாளியும் 'சிஸ்டம் 32' என்ற ஒரே பாத்தியில்தான் கிடந்தார்கள். எது கெட்டது எது நல்லது என்று பொறுக்கிக்கொண்டிருப்பது பாத்தி வேலைக்கு ஆகாது. மொத்தமாக வடித்து, தரையை மிதித்து, புதுத் தண்ணீர் கட்டினால் இருபது நாளில் வெள்ளை வெளேர் என்று விளையும். முழுப் பாத்தியையும் வளைத்துப் பிடித்து அழித்தேன். சில ஃபைல் போக மாட்டேன் என்றது, விடவில்லை. பிறகு மெஷினை அணைத்துப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில், ஒரு ஃபைல் காணவில்லை அல்லது கெட்டுவிட்டது என்று வந்து நின்றது. காணாமல் போனதா கெட்டதா என்பதுகூட அதற்குத் தெரியவில்லை. புதுத் தண்ணீர் எந்தப் பக்கமிருந்து கட்டுவது என்று எனக்கும் தெரியவில்லை. சாயங்காலம் பூவிழி வந்து பார்த்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "போங்கப்பா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள். அவள் அழுதது கம்ப்யூட்டருக்காக அல்ல என்று எனக்குப் புரிந்தது. இந்தச் சம்பந்தத்தில் அவளுக்கு எவ்வளவு ஆசை என்று அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது, அதைத் தெரிந்துகொள்ள நான் தேர்ந்தெடுத்த வழியை நினைத்தால் என் மேலேயே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.

சேட்டு வந்து தலையிலடித்துக்கொண்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, வின்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். சோதித்தால் நோயாளி பூஜ்யம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல நேரத்தில் நல்லதாக எதையாவது முதலில் பார்ப்போம் என்று, பொங்கலன்று ஜாதகத்தோடு தரகர் கொண்டுவந்து கொடுத்த மாப்பிள்ளை போட்டோ ஆல்பம் சிடியை சாமி மாடத்திலிருந்து எடுத்தேன். விருத்தாம்பாள் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள், வேட்டியில் துடைத்துப் போட்டேன். அடுப்படியிலிருந்து பூவிழி, "அதப் போடாதீங்கப்பா! அத மட்டும் போடாதீங்க!" என்று ஓடிவந்தாள். வெட்கப்படுகிறது பிள்ளை என்று சிரித்துக்கொண்டே பட்டனைத் தட்டினேன். நாதஸ்வரம் கேட்டது. மாப்பிள்ளை சட்டையை டக்கின் செய்துகொண்டு மலைக்கோயில் படியில் நிற்கிறார். லட்சணமாக இருக்கிறார். மறுநாள் சோதித்தால் நாற்பத்து மூன்று. எங்கே ஒளிந்திருந்து வந்தது என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

இதுதான் ஐயா நடந்தது. என்னால் இனி முடியாது, தோற்றுவிட்டேன். அந்தப் பெட்டியைப் பக்கிங்காம் கால்வாயில் தூக்கிப் போடச் சொன்னாலும் போட்டுவிடுகிறேன். என் மகளை மட்டும் தப்பாக நினைக்காதீர்கள். குற்றம் முழுக்க எங்கள் வீட்டு மெஷின் மேல், அதை வாங்கிய என் மேல். தங்களிடமும், சம்பந்தியம்மாளிடமும், நிவேதாவிடமும், பதினொரு கடிதத்தையும் திறந்து பார்த்திருந்தால் மாப்பிள்ளையிடம் பதினொரு தடவையும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். மாசி இருபது போனால் போகட்டும், பங்குனியில் ஒரு நாள் சொன்னாலும் போதும். தங்கள் வீட்டில் எல்லாரும் நோய் நொடியில்லாமல், மெஷின் உட்பட, நீடூழி வாழ வேண்டும்.

தங்கள் பதிலுக்கு வாசலிலேயே காத்திருக்கும்,
கண்ணாயிரம்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது சேட்டு வந்தான். நேராகப் பெருமுக்கல்லிலிருந்து வருகிறானாம். "அங்க ஒரு வூட்ல இதே கேஸ் மேஸ்திரி. அதே நாப்பத்து மூணு. பொங்கலுக்கு முன்னாடியே இருந்துருக்குது. அது தெரியாம பையன் போட்டோ ஆல்பம் பண்ணி சிடி வேற அடிச்சிக் குடுத்துருக்கறான்" என்றான். வாசலில் வேப்பிலை தொங்குகிறதாம், அவனுக்குத் தாளிக்காத ரசம் ஊற்றினார்களாம். அந்த வீட்டுப் பெரியவர் அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "பொண்ணு வூட்டுக்கு நம்ம சிடியாலதான் வந்துச்சின்னு தெரிஞ்சா சம்பந்தம் போயிடும், யாராண்டயும் சொல்லிடாத. கோவமோ இன்னாவோ, தெனம் போன் பண்றேன், எடுக்கவே மாட்டறாங்க" என்றாராம். அவன் என்னைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. பீரோவைத் திறந்து ஒயரை மாட்டிவிட்டேன். பூவிழியைக் கேட்டால், "எனக்கு அன்னிக்கே தெரியும்பா. சொன்னா நீங்க அவங்களாண்ட சண்டைக்குப் போவீங்க" என்கிறாள். ஆகவே மேலே கேட்டிருக்கும் மன்னிப்புகளில் பாதியைத் தாங்கள் திருப்பி அனுப்பினால் போதும். இவ்வளவு எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை, படித்துவிட்டுப் படிக்காதது போல இருந்துகொள்ளவும். மாசி இருபதன்று இரண்டு வீட்டிலும் தாளித்துவிடலாம் என்று விருத்தாம்பாள் சொல்கிறாள். கீழே உள்ள ஒரு வரியைப் பூவிழி தன் கையாலேயே எழுதுகிறாள். எழுதுவது வைரஸ் அல்ல என்பதற்கு, பக்கத்தில் நிற்கும் நானே சாட்சி.

மாமா, அவரை நேரிலேயே வரச் சொல்லுங்கள். சிடி வேண்டாம். — பூவிழி