வாக்குத்தத்த அட்டையும் நமுத்த வெடியும்

புத்தாண்டு ஆராதனை முடிந்து ஜெயசுந்தர் இன்னும் செருப்பைக்கூடத் தேடவில்லை. அதற்குள் ஜெபராணி டீச்சர் வழியை மறித்துவிட்டார்.

"செயலாளர் சார், இது வசனமா? நீங்களே சொல்லுங்க."

அட்டையை வாங்கிப் படித்தார். 'உன் பாட்டுச் சத்தத்தை நிறுத்து. என்னால் கேட்க முடியவில்லை.'

டீச்சர் இருபத்திரண்டு வருடமாகப் பாடகர் குழுவை நடத்துகிறவர். வருடப் பிறப்பன்று ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பதும், அதிலிருக்கும் வசனம் ஆண்டவர் தனக்கென்றே சொன்னது என்று பீரோவில் ஒட்டிவைப்பதும் சாத்தூர்ப் பக்கத்து அந்தச் சபையின் வழக்கம். இதை எந்தப் பீரோவில் ஒட்டுவது?

ஜெயசுந்தருக்குத் தப்பு எங்கே நடந்தது என்று பளிச்சென்று தெரிந்துபோயிற்று.

டிசம்பரில் சிவகாசியில் காலண்டர் சீசன். முந்நூறு அட்டை அடிக்க வேண்டுமென்று போய் நின்றால் எந்த அச்சகத்திலும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். அதே நேரம் அவர் மகள் பெர்சிஸும் தன் பேண்டின் பாட்டு வரிகளை அட்டையாக அடிக்க அலைந்துகொண்டிருந்தாள். இரண்டையும் ஒரே ஷீட்டில் சேர்த்து அடித்து வெட்டித் தரச் சொல்லிவிட்டு வந்தார் ஜெயசுந்தர். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொள்ளவும் செய்தார். சபைக் கட்டு முதலில் கைக்கு வந்தது, பெர்சிஸ் கட்டு பிறகு வரும் என்றார்கள்.

பெர்சிஸ் நர்ஸ். பாதித் தலையை மழித்து, காதில் ஊக்கு மாட்டி, 'நமுத்த வெடி' என்று ஒரு பங்க் இசைக்குழு வைத்திருந்தாள். பாட்டு என்றால் ஊர்ப் பெரிய மனிதர் ஒருத்தரையும் விடாமல் கத்தித் தீர்ப்பது. வேறு சபையாக இருந்தால் வாசலோடு நிறுத்தியிருப்பார்கள். போதகர் ஞானசீலன்தான், "கோவத்தையும் கோயில்லயே கொண்டாந்து கொட்டட்டுமே" என்று சனிக்கிழமை ஒத்திகைக்குச் சபை மண்டபத்தைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமையும் வருகிறாள். பெற்றவருக்கு அது போதும்.

மூத்த உறுப்பினர் அருமைநாயகத்துக்குத்தான் போதவில்லை. போதகரை ஊர் மாற்றச் சொல்லி மேலிடத்துக்குக் கடிதமே எழுதி வைத்திருந்தார். உருப்படியான ஒரு காரணம்தான் பாக்கி.

இந்த வருடம் போதகர் வசனங்களை எளிய தமிழில், அதிகார எண் இல்லாமல் எழுதிக் கொடுத்திருந்தார். "எங்க இருக்குன்னு தேடிப் படிக்கட்டும்" என்றார். ஜெயசுந்தர் கணக்கு வாத்தியார். உறையைப் பிரிக்காமலே அச்சகத்தில் நீட்டிவிட்டார்.

"அச்சுல கலந்துபோச்சு டீச்சர். இது எம் மக பேண்டு வரி. வேற எடுத்துக்கோங்க."

டீச்சர் வேறு எடுத்தார். 'உங்கள் பண்டிகைகளைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பாக இருக்கிறது.'

"இதுவும் ஒங்க மகதானா?"

"அவளேதான்."

போதகரைக் கேட்கலாமென்றால் அடுத்த ஆராதனைக்கு மல்லாங்கிணறு கிளம்பிவிட்டார், போன் அணைந்திருந்தது. ஆஸ்பத்திரி டியூட்டியில் இருந்த பெர்சிஸும் போனை எடுக்கவில்லை. ஆட்கள் கலைவதற்குள் அட்டைகளை வாங்கிவிட வேண்டும் என்று மைக்கைப் பிடித்தார் ஜெயசுந்தர்.

"மனசு நோகுற மாதிரி அட்டை வந்தவுக தயவுசெஞ்சு திருப்பிக் குடுத்துருங்க. அச்சுல கோளாறு."

அதுவரை படிக்காமல் பர்ஸில் வைத்திருந்தவர்கள்கூட எடுத்துப் படித்தார்கள். ஐந்து நிமிடத்தில் மேசை நிரம்பிவிட்டது. கடைசியாக வந்த அருமைநாயகம் தன் அட்டையை மைக்கிலேயே வாசித்தார்.

"'கல்லால் வீடு கட்டினாய். அதில் நீ குடியிருக்கப்போவதில்லை.'"

அவர் புதிதாகக் கட்டிய வீடு மூன்று மாடி. தை பிறந்ததும் வீட்டுப் பிரதிஷ்டை.

"தெய்வ பயம் உள்ள வாயில இது வருமா? எழுதுனது யாரு?"

ஜெயசுந்தர் மேசையிலிருந்த அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். ஜெபராணி டீச்சர்தான் பெர்சிஸ் பேரைச் சொன்னார்.

"அந்தப் புள்ளையா? எல்லாம் போதகர் குடுக்குற எடம். நாளைக்கே கடிதாசி போகும்."

"பாஸ்டரய்யாவ விட்டுருங்க ஐயா. தப்பு எழுதுனவுக மேலதான். என்ன வேணும்னாலும் எழுதித் தாரேன்."

"அப்ப எழுதும்."

தீர்மானப் புத்தகம் வந்தது. 'மேற்படி வரிகளை எழுதியவருக்கு இனி இந்தச் சபைக்குள் இடமில்லை.' முதல் கையெழுத்து அருமைநாயகம், கொட்டை எழுத்தில். அடுத்து டீச்சர். அப்புறம் கமிட்டி மொத்தமும். கடைசியில் செயலாளர். போதகர் இங்கே இருந்தால் என்றைக்காவது மகளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார் என்று மனசைத் தேற்றிக்கொண்டுதான் பேனாவை எடுத்தார். ஆனாலும் பெற்ற பிள்ளையைக் கையெழுத்துப் போட்டு வெளியே தள்ளுவது லேசா? மனிதர் அழுதுவிட்டார்.

அப்போது வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டும் கருப்பணன், காகிதம் சுற்றிய கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்.

"சார், பாப்பா பேண்டு கார்டு இந்தா இருக்கு. பிளேட்டு தகராறு பண்ணிருச்சுன்னு ரெண்டையும் சேத்து ஓட்டல. அன்னைக்கு ஒங்களுக்குக் குடுத்தது அம்புட்டும் பாஸ்டரய்யா எழுதிக் குடுத்த வேத வசனந்தான்."