கடல் படுத்துக்கொண்ட நாள்

அன்றைக்குப் பார்த்துக் கடல் படுத்துக்கொண்டது.

ஒரு வாரமாக ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்த அலைகள் அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கே போய்த் தொலைந்தன என்று தெரியவில்லை. கரைக்கு வந்துபோனதை அலை என்று சொன்னால் வாளித் தண்ணீர்கூடக் கோபித்துக்கொள்ளும். பயிற்சியாளர் இடுப்பில் கைவைத்துக் கடலை முறைத்துக்கொண்டிருந்தார்.

"முறைச்சா எழும்பிடுமா?" என்றாள் அவர் மனைவி.

அவள் தேசிய அலைச்சறுக்குச் சம்மேளனத்தின் பொருளாளர். பயிற்சியாளரே செயலாளர். மச்சான் துணைத் தலைவர். தலைவராக இருக்கப் பெரிய மனது பண்ணி ஒப்புக்கொண்ட மாமனாருக்குக் கடல்காற்று ஒத்துக்கொள்ளாது. சம்மேளனத்தின் தலைமை அலுவலகம், உடைந்த பலகைகளுக்கு ஒட்டுப்போடும் கொட்டகையில், பிசின் டப்பாக்களுக்குப் பக்கத்தில் இருந்தது.

ஒரு நாட்டில் அலைச்சறுக்கு என்கிற சர்ஃபிங்கை வளர்க்க இவ்வளவு பேர் போதும். அரசாங்கத்தின் அங்கீகாரம்தான் இல்லை. விளையாட்டுத் துறை ஒப்புக்கொண்டால்தான் நாட்டின் பெயரைச் சொல்லி வெளிநாட்டுப் போட்டிக்குப் போகமுடியும். வாலு என்று எல்லோரும் கூப்பிடும் பெண் ஒருத்தி பயிற்சியாளரிடம் சர்ஃபிங் பழகிக்கொண்டிருந்தாள். வெளிநாட்டுப் போட்டியைப் போனில் பார்த்துவிட்டு, "இவங்கள விட நான் நல்லாப் பண்ணுவேன்ல சார்?" என்று கேட்டிருந்தாள். பண்ணுவாள். அது தெரிந்ததால்தான் பயிற்சியாளருக்கு வயிற்றெரிச்சல்.

துறையின் இயக்குநர் நேரில் வருகிறார் என்ற தகவல் வந்ததிலிருந்து சம்மேளனத்தில் யாருக்கும் சாப்பாடு இறங்கவில்லை. பார்த்துப் பிடித்துப்போனால் வாலு விமானம் ஏறுவாள். பிடிக்காவிட்டால் ஆயுசுக்கும் கொட்டகைதான்.

"மாமா, எதுக்குக் கவலைப்படறீங்க? என் படகு இருக்கில்ல?" என்றான் மச்சான். "கரையோரமா வேகமா ஒரு சுத்து சுத்தினா பின்னாடியே அலை வரும்."

"அதெல்லாம் ஒரு அலையா மாப்ள?"

"நமக்குத்தான் அது அலை இல்ல. ஆபீஸ்ல உக்காந்திருக்கறவருக்கு அலைதான்."

வேறு யோசனை யாரிடமும் இல்லாததால் இது நல்ல யோசனையாகிவிட்டது. மச்சான் படகை எடுத்துக்கொண்டு போனான். வாலுவும் நெட்டை என்கிற பையனும் பலகைகளோடு தண்ணீரில் இறங்கிக் காத்திருந்தார்கள்.

இயக்குநரின் கார் வந்து நின்றது. அவர் இறங்கினார். வணக்கம் சொன்னவர்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, யாருக்காகவும் நிற்காமல், பளபளக்கும் ஷூவோடு நேரே தண்ணீர் ஓரத்துக்குப் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சான் அந்த நேரம் பார்த்துப் படகைத் திருப்பினான்.

அலை வந்தது. வாலுவையும் நெட்டையையும் தாண்டிக்கொண்டு, வேறு யாரையும் தொந்தரவு செய்யாமல், இயக்குநரிடம் மட்டும் வந்தது. முதலில் அவர் முழங்கால்வரை நனைந்தார். பிறகு உட்கார்ந்துவிட்டதால் மீதியும் நனைந்தார்.

டிரைவர் ஓடிப்போய்த் தூக்கினார். பயிற்சியாளரின் மனைவி துண்டு கொண்டுவந்தாள். கொட்டகை வாசலில், கடலிலிருந்து எவ்வளவு தள்ளிப் போடமுடியுமோ அவ்வளவு தள்ளி ஒரு நாற்காலி போட்டார்கள்.

"என்ன சார் காட்டட்டும்?" என்று கேட்டார் பயிற்சியாளர்.

"எனக்கு ஒண்ணும் காட்ட வேண்டாம். சும்மா இப்படி ஓரமா உக்காந்திருக்கேன். என்னைத் தண்ணிகிட்ட மட்டும் கூப்பிடாதீங்க."

அதிகாரி ஒண்ணும் வேண்டாம் என்றால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். பயிற்சியாளர் மனைவியைக் கொட்டகைக்குள் இழுத்தார்.

"கோவத்துல இருக்காரு. எதையாவது காட்டியே ஆகணும்."

"தண்ணிகிட்ட அவர் வரமாட்டாரு. தண்ணிக்குள்ளயும் ஒண்ணும் இல்ல. மணல்லயே காட்டிடுங்க."

சர்ஃபிங்கில் முதல் பாடம் மணலில்தான். பலகையைத் தரையில் போட்டுக் குப்புறப் படுத்து, இரண்டு கையாலும் காற்றைத் துழாவி, விசில் அடித்ததும் ஒரே துள்ளலில் எழுந்து நிற்கவேண்டும். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும் என்பதால் வெளியாள் முன்னால் யாரும் இதைச் செய்வதில்லை. வாலுவையும் நெட்டையையும் கரைக்குக் கூப்பிட்டுப் பலகையில் படுக்கவைத்தார்கள். வாலு கெஞ்சலாகப் பார்த்தாள். பயிற்சியாளர் பார்வையைத் திருப்பிக்கொண்டு விசில் அடித்தார்.

இருவரும் துள்ளி நின்றார்கள்.

இயக்குநர் துடைத்துக்கொள்வதை நிறுத்தினார். "யார் ஜெயிச்சது?"

"இது வெறும் பயிற்சிதான் சார். இதுல ஜெயிக்கிறது தோக்கிறது எல்லாம்..."

"விளையாட்டுன்னா யாராவது ஜெயிக்கணுமேய்யா."

பேசிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம் என்று பயிற்சியாளர் வாலுவின் கையைத் தூக்கினார். நெட்டைக்குப் பொறுக்கவில்லை.

"நான்தான் சார் முதல்ல எந்திரிச்சேன்."

"நீ விசிலுக்கு முன்னாடியே எந்திரிச்சடா," என்றாள் வாலு.

"ஆமா, நீ பெரிய இவ."

இயக்குநரின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சண்டை வேண்டாம். இன்னொரு தடவை. விசிலை இங்க குடுங்க."

அதற்கப்புறம் விசில் பயிற்சியாளருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. இயக்குநர் ஊதினார், இவர்கள் எழுந்தார்கள், படுத்தார்கள், எழுந்தார்கள். கையில் மணல் ஒட்டினால் அவுட் என்று அவரே ஒரு விதி போட்டார். அதை நெட்டை எதிர்த்ததும் எச்சரித்து உட்கார வைத்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கைதட்டினார்கள். பயிற்சியாளருக்கு மானம் போய்க்கொண்டிருந்தது.

"சார்," என்றார் தாங்கமாட்டாமல். "இத நிஜத்துல கடல்ல ஆடணும் சார். அலைமேல."

"எதுக்கு?" என்று நிஜமாகவே கேட்டார் இயக்குநர். "நல்லா இருக்கிற விளையாட்ட எதுக்குய்யா தண்ணில கொண்டுபோய்ப் போடறீங்க? நாட்டுல முக்கால்வாசிப் பேர் கடல் பக்கமே வந்ததில்ல. இதுன்னா பள்ளிக்கூட மைதானத்துல ஆடலாம், மண்டபத்துல ஆடலாம், மொட்டைமாடியில ஆடலாம்."

சொல்லிவிட்டு யாருக்கோ போன் போட்டார்.

கடல் எழுந்தது அப்போதுதான். வாலுதான் முதலில் கவனித்தாள். யாரிடமும் கேட்காமல் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். தூரத்தில் திரண்ட அலை மேலே மேலே வந்தது. துழாவிக்கொண்டே போனவள் திரும்பி, எழுந்து, அதன் சரிவில் இறங்கினாள். வளைந்து மேலேறினாள், மறுபடி இறங்கினாள். அலை உடைந்து நுரையானபிறகும் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள் அவ்வளவு நன்றாகச் சறுக்கிப் பயிற்சியாளர் அதுவரை பார்த்ததில்லை.

"சார், பாருங்க சார். அங்க பாருங்க."

இயக்குநர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் ஒரு நொடி திரும்பினார். "குளிக்கிறாங்களா? குளிக்கட்டும் பாவம், மணல் அரிக்கும்." பிறகு போனில், "ஆமா, அதை மாத்துங்க. கடல்னு எங்கயும் வரக்கூடாது. உடனே மாத்திடுங்க," என்றார்.

பேசி முடித்துப் பயிற்சியாளரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். உங்க விளையாட்டுக்கு அங்கீகாரம் உண்டு. மணற்பலகைன்னு பேர் வெச்சிருக்கேன். முதல் தேசியப் போட்டி தலைநகர்ல, உள்ளரங்கத்துல. மணல் நாங்களே கொட்டிடறோம்."

"வெளிநாட்டுப் போட்டிக்கு, சார்?"

"வெளிநாட்டுல இத யாராவது ஆடறாங்களா?"

"இல்ல சார்."

"பாத்தீங்களா, நாமதான் முதல்," என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

வாலு சொட்டச் சொட்ட ஓடிவந்தாள். "சார், அவர் பாத்தாரா?"

பயிற்சியாளர் காரைப் பார்த்தார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, பலகையை மணலில் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"விடுங்க," என்றாள் மனைவி. "எதையுமே காட்டாம விட்டிருந்தா இதுவும் கெடைச்சிருக்காது."

அதுவும் சரிதான் என்று பயிற்சியாளர் மனதைத் தேற்றிக்கொண்டார். தன்னால் முடிந்ததைச் செய்தாயிற்று.

துண்டைத் திருப்பிக் கொடுக்க வந்த டிரைவர் குழப்பத்தோடு அவர்களைப் பார்த்தார்.

"கடல்ல ஆடறதுக்கு அங்கீகாரம்னு ஐயா போன வாரமே கையெழுத்துப் போட்டுட்டாருங்களே, இன்னிக்கு லீவுன்னு சும்மா காத்து வாங்கத்தான் வந்தாரு."