நாற்பத்திரண்டாம் பக்கத்துக்கு ஒரு மறுப்பு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நலமாக இருக்க வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். அடுத்த பத்தியிலிருந்து அந்த விருப்பம் கொஞ்சம் குறையும். பொறுத்துக்கொள்ளவும்.

தங்களுடைய ‘கார் வடிவமைப்பு: நூறு ஆண்டுகள்’ சிறப்பிதழைப் பார்த்தேன். வால் முளைத்த கார், முட்டை போல உருண்டு முகத்தில் கதவு வைத்த கார், சிறகு மாதிரி கதவு விரியும் கார் எல்லாவற்றையும் ஆகா ஓகோவென்று புகழ்ந்துவிட்டு, நாற்பத்திரண்டாம் பக்கத்தில் ‘அசிங்கமான பத்து கார்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறீர்கள். அதில் ஏழாவது, என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், வரைந்த கார். அதன் பின்கண்ணாடி அடிப்பக்கம் உள்ளே போய், மேல்பக்கம் வெளியே துருத்திக்கொண்டிருக்கும். ‘எதையோ மறந்துவிட்டு வந்து, திரும்பலாமா என்று யோசிக்கும் கார்’ என்று தங்கள் கட்டுரையாளர் கிண்டல் செய்திருக்கிறார். ஐயா, கூரையைப் பின்வரை நீட்டினால்தான் பின்சீட்டுக்காரருக்குத் தலை இடிக்காது, மழையும் கண்ணாடியில் தங்காது. அவர் காகிதத்தில் போட்டதைக் களிமண்ணில் முழு அளவு மாதிரியாகச் செய்து நிறுத்தியவன் நான். அந்தக் கூரை விளிம்பை மட்டும் பதினோரு தடவை சீவினேன்.

இதழ் கடைக்கு வந்தபோது அத்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஈரல் கைவிட்டுவிட்டது, இனி நாள்கணக்குதான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இது அவர் கண்ணில் படவே கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரி வாசல் கடையில் தொங்கிய ஏழு பிரதிகளையும் வாங்கினேன். அதைப் பார்த்த கடைக்காரர் மறுநாள் இருபது பிரதி வரவழைத்து, நாற்பத்திரண்டாம் பக்கத்தை விரித்து, கிளிப் போட்டு மாட்டிவிட்டார். “இது இவ்வளவு ஓடும்னு தெரியாமப் போச்சு சார்!” என்றார். அவற்றையும் வாங்கினேன். காத்திருப்போர் அறையில் இன்னொன்று கிடந்தது. அதில் அந்தப் பக்கத்தைக் கிழிக்கும்போது நர்ஸ் பார்த்துவிட்டார். “என்ன பெரியவரே, எதுக்குக் கிழிக்கிறீங்க?” எனக்கு வாய் குழறியது, வியர்த்தது. அந்தம்மா பயந்துபோய் ரத்த அழுத்தம் பார்த்தார். அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. உடனே படுக்கச் சொல்லிவிட்டார்கள். காலியாக இருந்த ஒரே கட்டில் அத்தானுக்கு எதிர்க்கட்டில்!

“என்ன மச்சான், சட்டைப்பையில துருத்திக்கிட்டு இருக்கு?”

“ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் அத்தான்.”

“அதுல நம்ம கார் படத்தையுமா போடுறாங்க?”

நான் பையைக் கையால் பொத்தினேன். “முந்தாநாளே தபால்ல வந்திருச்சுடா. படிச்சிட்டேன். நீ பாத்தா மனசு ஒடஞ்சிருவேன்னுதான் ஒங்கக்கா தலையணைக்கு அடியில ஒளிச்சு வெச்சா. ஹெட்லைட்ட ரொம்பக் கேவலமா எழுதிட்டான். அது ஒன் வேலையாச்சே.”

ஹெட்லைட் பற்றிய அந்த வரியை மேலே நான் குறிப்பிடவில்லை. வேண்டுமென்றேதான். இருவரும் சிரித்தோம். சிரித்ததில் அவருக்கு மூச்சு முட்டியது. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

கடைசியாக அவரை அந்தக் காரில் கொண்டுபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்று நின்ற கார் அது. அலைந்து திரிந்ததில் ஒன்றே ஒன்று அகப்பட்டது, ஒரு கோழிப்பண்ணையில், சக்கரம் இல்லாமல், உள்ளே முழுக்கக் கோழிகளோடு. “இதுல கூரை உசரம் சார், நல்லா நிக்குதுங்க. மழை பேஞ்சாலும் பின்னாடி கண்ணாடி நனையாது, வேடிக்கை பாத்துக்கிட்டே இருக்கும்” என்றார் பண்ணைக்காரர். கூரை விளிம்பில் கை வைத்தேன். அவ்வளவுதான், தேம்பித் தேம்பி அழுதுவிட்டேன். “ஒண்ணும் கொத்தாது சார், பயப்படாதீங்க” என்று அவர் என்னைத் தட்டிக்கொடுத்தார். அத்தான் சாதாரண வண்டியில்தான் போனார்.

ஆகவே வரும் இதழில் மறுப்பு வெளியிட வேண்டும். ‘அசிங்கமான’ என்ற சொல்லைத் திரும்பப் பெற வேண்டும். தவறினால் நான் தங்கள் பத்திரிகையைத் தொடவும் மாட்டேன். மற்றபடி தங்கள் குடும்பத்தில் சின்னவர்களுக்கு என் ஆசிகள், பெரியவர்களுக்கு என் வணக்கங்கள்.

இப்படிக்கு,
களிமண் பிரிவில் முப்பத்தொரு ஆண்டு வேலை பார்த்தவன்

பி.கு.: மறுப்பு வேண்டாம். இந்தக் கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். “யாருடா ஒன்ன எழுதச் சொன்னது? கம்பெனிக்காரங்களே அந்தக் கார மறந்துட்டாங்க. நாமளும் ஒரு வார்த்த பேசினதில்ல. இந்தப் பத்திரிகைக்காரப் பையன்தான் அது எங்க வளையுது, எங்க நிக்குதுன்னு ஒக்காந்து பாத்து எழுதியிருக்கான். அவரு அந்தப் பாராவ என்னை நாலு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டாரு” என்று சொல்லிவிட்டு, ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். அத்தான் சொல்லச் சொல்ல அவள் எழுதியது. ‘அன்புள்ள தம்பி, என் காரைக் கவனித்துப் பார்த்ததற்கு நன்றி’ என்பது வரைக்கும் இருக்கிறது. அதற்குள் தூங்கிவிட்டாராம். இத்துடன் வைத்திருக்கிறேன். தயவுசெய்து கட்டுரையாளரிடம் சேர்த்துவிடவும்.