நாமினிக் கட்டம் காலி

சங்கரன்கோவில்,
23.6.2025, திங்கட்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் சண்முகையா அவர்களுக்கு, உங்கள் தங்கை வீட்டுக்காரன் சங்கரசுப்பிரமணியன் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் அன்னக்கிளியும் நலம். அம்பாசமுத்திரத்தில் நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள். உங்கள் முழங்கால் வலிக்கு அன்னக்கிளி கொடுத்தனுப்பிய தைலம் கேட்டதா என்று தெரியவில்லை, கேட்டிருக்கும். நாங்கள் நலம் என்று எழுதியது உடம்பைப் பற்றி மட்டும்தான். மற்றபடி இந்த வீட்டில் மூன்று வாரமாக யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இருப்பதே இரண்டு பேர். போனில் சொல்லலாம் என்றால், உங்கள் பெயர் திரையில் தெரிந்ததுமே ஸ்பீக்கரில் போடச் சொல்லி உங்கள் தங்கை பக்கத்தில் வந்து நிற்பாள். அதனால்தான் கடிதம். படித்ததும் கிழித்துவிடுங்கள், அக்காவிடம்கூடக் காட்ட வேண்டாம்.

விஷயம் இதுதான். போன மாதம் முப்பத்தொன்றாம் தேதி ரிட்டயர் ஆன கையோடு நான் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கிவிட்டேன். நூறு சிசியில் அடக்கமாக ஒன்று வாங்கத்தான் போனேன், பால்காரர் வைத்திருக்கிறாரே அந்த மாதிரி. ஷோரூமில் இருந்த பெண், சார் உங்க உயரத்துக்கு அது எடுபடாது, இதுல ஒரு தடவை உக்காந்து பாருங்க என்று சொல்லி ஒரு சிவப்பு வண்டியைக் காட்டினாள். உட்கார்ந்தேன் என்று சொல்வதைவிடப் படுத்தேன் என்று சொல்வதுதான் சரி, அந்த வண்டியில் எல்லாரும் குப்புறப் படுத்துத்தான் ஓட்டுகிறார்கள். பின்சீட்டு மாடியில் இருக்கிறது. இருநூறு சிசி, ஸ்போர்ட்ஸ் பைக் என்று பெயராம். அறுபது வயதில் எனக்கு எந்தப் பேய் பிடித்தது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதினான்கு வருஷம், மச்சான், பதினான்கு வருஷம் தினமும் காலையில் உங்கள் தங்கை ஸ்கூட்டியில் என்னைப் பின்னால் ஏற்றி பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, அப்புறம் அவள் நர்ஸ் வேலைக்குப் பனவடலிசத்திரம் போவாள். நான் சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் முதுகைப் பார்த்தபடி போவேன். ஒரு தடவையாவது நான் முன்னால் உட்கார்ந்து, அவளைப் பின்னால் வைத்துக் குற்றாலம் வரை போய்வர வேண்டும் என்று எனக்கு ஆசை. ரிட்டயர்மெண்டுக்கு முன்பே யாருக்கும் சொல்லாமல் பழகி, மூன்றாவது தடவையில் எட்டு போட்டு லைசென்ஸும் வாங்கிவிட்டேன். முதல் இரண்டு தடவை நான் போட்டது என்ன எண் என்று ஆபீசருக்கே தெரியவில்லை.

வண்டி கைக்கு வர வேண்டுமென்றால் இன்சூரன்ஸ் வேண்டும். அன்னக்கிளியின் ஸ்கூட்டிக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் போட்டுக்கொடுக்கும் சிஹாபுதீன் தம்பியையே கூப்பிட்டேன். நல்ல பையன், துபாயில் ஒன்பது வருஷம் இருந்துவிட்டு வந்தவன், எதையும் பொறுமையாகக் கேட்பான். வண்டி ஓட்டி எத்தனை வருஷ அனுபவம் அண்ணாச்சி என்று கேட்டான். பின்னால் உட்கார்ந்து பதினான்கு வருஷம், முன்னால் உட்கார்ந்து பதினோரு நாள் என்று உள்ளதைச் சொன்னேன். பேனாவை ஒரு தடவை உதறிவிட்டு, புதுசு என்று எழுதிக்கொண்டான். அப்புறம் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான். இன்ஜினுக்குள் வெள்ளம் போனால் நஷ்ட ஈட்டுக்கு ஒரு கவர் உண்டு என்றான், நம்ம கரிசல் காட்டில் இன்ஜினுக்குள் வெள்ளம் போக வேண்டுமானால் முதலில் மழை பெய்ய வேண்டாமா தம்பி என்று கேட்டேன், அதைப் பேனாவால் அடித்துவிட்டான். சாவி தொலைந்தால் ஒரு கவர் என்றான், இந்த வீட்டில் சாவியெல்லாம் அன்னக்கிளி இடுப்பில் இருக்கிறது, அது தொலைந்ததாகச் சரித்திரமே இல்லை என்றேன், அதையும் அடித்துவிட்டான். இப்படியே எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் வந்தது. வண்டி ஓட்டும்போது எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பதினைந்து லட்ச ரூபாய் யார் கையில் கொடுப்பது என்று எழுதும் கட்டம். நாமினி.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, அன்னக்கிளி என்று எழுது தம்பி என்று சொன்னேன். சொன்ன நேரம் பாருங்க, காபி டம்ளரோடு அவளே வந்து நின்றாள். என்ன எழுதுதீங்க என்று கேட்டாள். சொன்னோம். டம்ளரைச் சிஹாபுதீன் கையில்தான் கொடுத்தாள், எனக்குக் கொண்டுவந்ததைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே போய்க் கேட்டதற்கு அவள் சொன்னது இவ்வளவுதான். "நீங்க செத்தா எனக்குப் பணம்னு எங்கையால சம்மதம் குடுக்கணுமா? என் பேரு அதுல ஏறக்கூடாது." அது ஒரு சம்பிரதாயம், ஒரு காகிதம், ஊரில் எல்லாரும் எழுதுவதுதான் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். அன்றிலிருந்து என்னிடம் சொல்ல வேண்டியதை எல்லாம் சமையலறைச் சுவரைப் பார்த்துச் சொல்கிறாள். இட்லி ஆறுது, சாப்பிடுறவங்க சாப்பிடலாம் என்கிறாள். சுவரும் நானும் கேட்டுக்கொள்கிறோம்.

அவளுக்குத் தெரியாமல் எழுதிவிடலாமே அண்ணாச்சி, யாரு பாக்கப் போறா என்று சிஹாபுதீன் மெதுவாகச் சொன்னான். நாமினியின் ஆதார் நகல் வேண்டும் என்று அவனேதான் சொல்லியிருந்தான், ஆதார் பீரோவில் இருக்கிறது, பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று மேலேயே எழுதியிருக்கிறேன். சரி, மகள் இருக்கிறாளே என்று கோயம்புத்தூருக்குப் போன் போட்டேன். முத்துமாரி நான் சொன்னதைப் பாதி கேட்டதுமே, அப்பா உங்களுக்கு உடம்புக்கு என்ன, எந்த ஆஸ்பத்திரியில இருக்கீங்க என்று அழ ஆரம்பித்துவிட்டாள். அவளைச் சமாதானப்படுத்த முக்கால் மணி நேரம் ஆயிற்று, அதற்குள் மாப்பிள்ளை லீவு சொல்லிவிட்டாராம். தாலுகா ஆபீஸ்களில், கடைசியாகத் திருவேங்கடத்தில், முப்பது வருஷம் வாரிசுச் சான்றிதழ் பார்த்தவன் நான். செத்துப்போனவர்களுக்கெல்லாம் தேடித் தேடி வாரிசு கண்டுபிடித்துக் கொடுத்தேன். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் மனுவைத் திருப்பி அனுப்பிவிடுவேன், அப்படிப்பட்ட கண்டிப்பு. இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒரு நாமினி கிடைக்கவில்லை, கட்டம் காலியாக இருக்கிறது, வண்டி ஷோரூமில் நிற்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். நேற்று அதன் கண்ணாடியில் தூசி இருந்தது, துண்டால் துடைத்துவிட்டு வந்தேன். அழுகை வந்துவிட்டது, மச்சான், பொய் சொல்லவில்லை.

இப்படி இருக்கும்போதுதான் சுடலைமணி வந்தான். என் சித்தப்பா மகன், பின்வீட்டுக்காரன், சுவர்த் தகராறில் ஒன்பது வருஷமாக எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். கேட்டைத் திறந்துகொண்டு சிரித்தபடி வந்து உட்கார்ந்தான். எப்படியோ விஷயம் காதுக்குப் போயிருக்கிறது. "ஏலே, நமக்குள்ள ஆயிரம் இருக்கும். ஒரு ஆபத்துன்னா நான் இல்லாம போயிருவேனா? எம்பேரைப் போடு" என்றான். எனக்கு மனசு இளகிவிட்டது. ஆனால் மறுநாளும் வந்தான். வண்டி மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும் என்று கேட்டான். ஹெல்மெட் போடாதே, நம்ம வெயிலுக்குத் தலையில சூடு ஏறிரும் என்றான். குற்றாலத்துக்குப் பகலில் போகாதே, கூட்டமாக இருக்கும், ராத்திரி போனால் ரோடு காலியாகக் கிடக்கும், முறுக்கலாம் என்றான். மூன்றாவது நாள் என் பி.பி. எவ்வளவு என்று விசாரித்தான். இவ்வளவு அக்கறை அவன் ஒன்பது வருஷத்துக்கு முன்னால்கூட என்மேல் காட்டியதில்லை.

அவனை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குச் சிஹாபுதீன் வருகிறான், சுடலைமணியும் வருகிறான், கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். அதற்குள் நீங்கள் எப்படியாவது புறப்பட்டு வந்துவிட வேண்டும். உங்கள் சொல்லுக்குத்தான் அவள் கட்டுப்படுவாள். வெறும் காகிதத்துக்கு இப்படிப் பயப்படலாமா, படித்தவள், ஊருக்கெல்லாம் ஊசி போடுகிறவள், இது என்ன சிறுபிள்ளைத்தனம் என்று நீங்கள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும். முதல் பஸ்ஸையே பிடியுங்கள். ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.

அக்காவுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். கோமதி அம்மன் எல்லாரையும் நன்றாக வைத்திருக்கட்டும், என்னை அந்தச் சிவப்பு வண்டியில் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள,
சங்கரசுப்பிரமணியன்.

பின்குறிப்பு: இன்றைக்கு ஜூலை ஒன்பது. கவரில் ஒட்ட ஸ்டாம்ப் இல்லாமல் இந்தக் கடிதம் இத்தனை நாள் என் சட்டைப்பையிலேயே இருந்துவிட்டது, மன்னிக்கவும். நிலைமை மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை சுடலைமணி வெள்ளை வேட்டி கட்டி, ஆதாரில் மூன்று நகல் எடுத்துக்கொண்டு, பத்து மணிக்கு ஒன்பதரைக்கே வந்துவிட்டான். சிஹாபுதீன் ஃபாரத்தைப் பிரித்து அவன் பெயரைக் கேட்டு எழுதப் போகும்போது அன்னக்கிளி உள்ளேயிருந்து வந்து பீரோச் சாவியை மேஜைமேல் வைத்தாள். "எம்பேரையே எழுதுங்க தம்பி. பின்னால உக்காரப்போறது நான். விழுந்தா ரெண்டு பேரும் சேந்துதான் விழுவோம், அந்தப் பணத்தை வாங்க யாரும் போகப்போறதில்ல" என்று சொல்லிவிட்டு, சுடலைமணி அண்ணாச்சி, நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க என்றாள். அவன் சாப்பிடாமல் போய்விட்டான். வண்டி போன வாரம் செவ்வாய்க்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டது.

அதோடு முடிந்திருக்கும். சிஹாபுதீன் பையை மூடுகிற நேரத்தில், அக்கா ஸ்கூட்டிக்கும் இந்த மாசம் ரினிவல் இருக்கு, நாமினி பழையபடி அண்ணாச்சி பேருதானே என்று கேட்டான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பதினான்கு வருஷமாக அவள் ஸ்கூட்டிக்கு நான்தான் நாமினியாம். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏன் போட்டாய் என்று கேட்டேன். "நான் இல்லாட்டா உங்களுக்கு ஒரு தோசை சுடத் தெரியாது. ஓட்டல்லயாவது வயிறார சாப்பிடட்டும்னு போட்டேன்" என்றாள். எங்கே காட்டு என்று சிஹாபுதீனிடம் கேட்டேன், மச்சான். பழைய பாலிசியை எடுத்துக் காட்டினான், அவள் பெயருக்குக் கீழே என் பெயர் அச்சில் இருந்தது. அவள் போனால் எனக்குப் பணம் என்றல்லவா அதற்கு அர்த்தம். என் பெயர் அதில் ஏறக்கூடாது, எடு தம்பி என்று சொல்லிவிட்டேன். அது வெறும் காகிதம்தானே என்று இரண்டு பேரும் சேர்ந்து எனக்கு எடுத்துச் சொல்கிறார்கள். என்னால் முடியாது. அது முடிவாகும் வரை ஸ்கூட்டியை எடுக்கக்கூடாது என்று தடுத்துவிட்டேன். அவள் தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கிறாள், சுவரைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்தே.

ஆகவே நீங்கள் அன்னக்கிளிக்குப் புத்தி சொல்ல வர வேண்டாம், எனக்குச் சொல்ல வாருங்கள். அதுவரைக்கும் தினமும் காலையில் அவளைச் சிவப்பு வண்டியில் பின்னால் வைத்துப் பனவடலிசத்திரம் வரை நானே கொண்டுபோய் விடுகிறேன். இருபது கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறோம். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு, பிரேக்கு, பிரேக்கு என்று காதில் சொல்லிக்கொண்டே வருகிறாள். நீங்கள் அவசரப்பட்டுக் கிளம்ப வேண்டாம். ஆடி கழித்து, ஆவணியும் கழித்து, மெதுவாக வந்தால் போதும்.