மேட்டுப்பாளையத்தின் நடுவே ஒரு சுவர்

படித்ததைச் சமயம் பார்த்து மறப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. நான்கு வருட நர்சிங் படிப்பை நாலே நொடியில் தொலைத்தவள் நான்.

குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் டிஸ்பென்சரியில் நர்ஸ் வேலைக்கு நேர்முகத் தேர்வு. டாக்சி ஓட்டும் என் அப்பா, மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று முந்தின நாளே ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்துவிட்டார். (ரொம்பத்தான் நம்பிக்கை.) கிடைக்காமல் போனால் அந்த ஸ்டாண்டில் அவர் தலைகாட்டவே முடியாது.

எதிரே டாக்டரம்மாவும் எஸ்டேட் மேனேஜரும். இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ரத்தம் எப்படிப் போய்வருகிறது, மேனேஜருக்குப் புரிகிற மாதிரி சொல் என்றார் டாக்டரம்மா. ஒரு ரத்தக் குழாயின் பெயர்கூட வாயில் வரவில்லை. ஜன்னலுக்கு வெளியே சீசன் வண்டிகள் ஹாரன் அடித்தபடி மேலே ஏறிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது. (மூளையிடம் அனுமதி கேட்கவில்லை.)

சீசனில் எங்கள் மலைக்கு ஒருவழிப் பாதை. குன்னூர் வழியாக ஏற வேண்டும், கோத்தகிரி வழியாக இறங்க வேண்டும். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தம், இதயம் என்கிற மேட்டுப்பாளையத்தின் வலப்பக்கம் வந்து சேரும் என்றேன். குன்னூர் வழியாக, நுரையீரல் என்கிற ஊட்டிக்கு ஏறும். நல்ல காற்று வாங்கிக்கொண்டு கோத்தகிரி வழியாக இறங்கி இடப்பக்கம் வரும். அங்கிருந்து மறுபடி உடம்பெல்லாம் போகும்.

இரண்டும் ஒரே ஊருக்கு வந்தால் கலந்துவிடாதா என்றார் டாக்டரம்மா. மேஜையிலிருந்த ஸ்கேலை எடுத்து நிறுத்தி, மேட்டுப்பாளையத்தின் நடுவே சுவர் எழுப்பினேன்.

மேனேஜர் முன்னால் சாய்ந்தார். "ஏனுங்க, எங்க ஊடு மேட்டுப்பாளையத்துலதானுங்க. அது செவுத்துக்கு எந்தப் பக்கமுங்க?"

"கெட்ட ரத்தப் பக்கமுங்க சார்."

கோத்தகிரிப் பாதையில் வண்டி எதிரே ஏறி வந்தால் என்ன ஆகும் என்றார் டாக்டரம்மா. வராமல் தடுக்க வால்வு இருக்கிறது என்று சொல்ல வேண்டிய இடம் அது. நானோ, "உள்ளூர் வண்டின்னா உட்ருவாங்க மேடம். எங்கப்பா டெய்லி அப்படித்தான் வர்றாருங்க" என்றேன்.

டாக்டரம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "வால்வுக்கு உள்ளூர் வெளியூரெல்லாம் கிடையாதும்மா. எதிர்ல வந்தா அதுக்குப் பேரு வியாதி."

வெளியே வந்து அழுதே விட்டேன். அழுது முடிப்பதற்குள் கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் தேர்வுக்கு வந்த மற்றவர்கள் சொன்னதில் ஒன்றும் விளங்காத மேனேஜர், நான் சொன்னதை மட்டும் ஒரு வரி விடாமல் திருப்பிச் சொன்னாராம். வேலை எனக்கே!

போன வருடம் அதே மேனேஜர் மூச்சு வாங்க டிஸ்பென்சரிக்கு வந்தார். "எதிர்ல வண்டி வர்ற மாதிரி இருக்குதுங்க" என்றார். ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். சத்தம் சரியில்லை. அன்றே கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். வால்வில் கசிவு, சரிசெய்துவிட்டார்கள். திரும்பி வந்தவர் மேடேறி நடந்தே வந்து என் முன்னால் நின்றார். "இப்ப ஒருவழி ஒழுங்கா ஓடுதுங்க. கெட்ட ரத்தப் பக்கத்துல எல்லாரும் சௌக்கியம்." அன்று எனக்கிருந்த பெருமைக்கு அளவே இல்லை.

அப்பா மறுபடியும் ஸ்டாண்டில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். ஆனால் எதிரே ஏறி வருவதில் அவரை மட்டும் திருத்த முடியவில்லை. சீசன் நாளில் வாசலில் அவர் ஹாரன் கேட்டால், அம்மா அடுப்படியிலிருந்தே சொல்வாள்: "வியாதி வந்துருச்சு, தட்டை எடுத்து வை."