பெட்டியைப் படுக்க வைக்க மாட்டேன்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நானும் என் மனைவியும் நலம். அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாவும், தங்கள் தோட்டத்து ஊஞ்சலும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் என் முதல் வாக்கியம் முடிவதற்குள் தாங்கள் புகுந்துவிடுவீர்கள். முழுதாகச் சொல்லி முடிக்க ஆசைப்பட்டு இக்கடிதத்தை எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். இந்தப் பள்ளி விடுமுறைக்கு நம் பேத்தியைத் தாங்கள் எதிர்பார்க்க வேண்டாம். போன விடுமுறையில் பாதி நாள் இங்கே, பாதி நாள் அங்கே என்று பேச்சு. ஊஞ்சலில் ஏறி உட்கார்ந்தவள் அங்கேயே தங்கிவிட்டாள். அந்த நாட்களில் இந்த வீட்டில் கேட்ட ஒரே சத்தம் ஃபிரிட்ஜின் உறுமல்தான். நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம், அதில் புதிதாகப் பார்க்க ஒன்றுமில்லை. சொல்லிக்காட்டுவதற்காக இதை எழுதவில்லை. இந்த முறை கொல்லைப்புறத்தில் அவளுக்கென்று தனியாக ஒரு வீடே கட்டிவிட்டேன், அதுவும் பழைய அட்டைப்பெட்டிகளைக் கொண்டே, என்று தெரிவிக்கத்தான். நாளை மறுநாள் என் மகன் அவளை அழைத்து வருகிறான். பார்த்த மாத்திரத்தில் இங்கேதான் இருப்பேன் என்று சொல்லிவிடுவாள். தாங்கள் மனம் வருந்தக் கூடாது.

அட்டைப்பெட்டி விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. சரக்குக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான், என் காலத்தில் ஒரு பெட்டிகூட அம்புக்குறி கீழே பார்க்க நின்றதில்லை. மின்சாதனக் கடைக்காரரிடம் சொல்லிவைத்து, ஃபிரிட்ஜ் வந்த பெரிய பெட்டி ஒன்றையும் வாஷிங் மெஷின் வந்த பெட்டிகள் சிலவற்றையும் தள்ளுவண்டியில் கொண்டுவந்து இறக்கினேன். பெரியதைப் படுக்க வைத்தால் குழந்தை தவழ்ந்து போய் விளையாடுவாள் என்று என் மனைவி சொன்னாள். நான்கு பக்கமும் அம்புக்குறி போட்டு, 'இந்தப் பக்கம் மேலே' என்று அச்சடித்திருக்கும் பெட்டியைப் படுக்க வைக்க எனக்கு எப்படி மனம் வரும்? உள்ளேதான் ஃபிரிட்ஜ் இல்லையே என்றாள். ஃபிரிட்ஜ் இல்லாவிட்டால் என்ன, அம்புக்குறி இருக்கிறதே என்றேன். நிற்க வைத்துத்தான் கட்டினேன். பக்கத்து வீட்டுப் பல் டாக்டர் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, இதில் யார் குளிக்கப் போகிறீர்கள் என்று விசாரித்தார்.

அடுத்து ஒட்டும் வேலை. ஒரு கையால் அட்டையைப் பிடித்து மறு கையால் டேப்பை இழுத்தால், அட்டை ஒரு திசையில் போகிறது, டேப் ஒரு திசையில் போகிறது, நான் நடுவில் நிற்கிறேன். என் மனைவி கொஞ்ச நேரம் மறுமுனையைப் பிடித்தாள். டேப் அவள் தலைமுடியில் ஒட்டிக்கொண்டது, கத்தரிக்கோல் வைக்க வேண்டியதாயிற்று, முன்பக்கம் மட்டும்தான், அதுவும் கொஞ்சம்தான். அதற்குப் பிறகு அவள் கொல்லைப்புறம் வரவே இல்லை. ஆனாலும் நான் அசரவில்லை. உள்பக்கமாக ஒட்டினால்தான் உறுதி என்பது என் அனுபவம், ஆகவே ஸ்டூல் போட்டுப் பெரிய பெட்டிக்குள் இறங்கி, ஒரு மூலை விடாமல், தலைக்கு மேலே மூடியையும் சேர்த்துக் கச்சிதமாக ஒட்டி முடித்தேன். கதவு இன்னும் வெட்டவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கத்தி வெளியே தண்ணீர்க் குழாயடியில் கிடந்தது, மனைவியோ கடைக்குப் போயிருந்தாள். உதைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கலாம்தான், ஆனால் நானே கட்டியதை நானே எப்படி உதைப்பேன்? நல்லவேளையாக மின்சார மீட்டர் பார்ப்பவர் வந்தார். உள்ளிருந்து நிதானமாகக் குரல் கொடுத்தேன். "சார், நான் மீட்டர் மட்டும்தான் பார்ப்பேன்" என்றார். பிறகு மனம் இரங்கிக் கத்தியை எடுத்து, என் குரல் வந்த இடத்தைப் பார்த்து வெட்டினார். ஆக, வீட்டுக்கு என் முகத்தின் உயரத்தில் ஒரு ஜன்னல் அமைந்தது. கதவைப் பிறகு கீழே நானே வெட்டினேன். குழந்தை ஜன்னல் வழியே பார்க்க ஸ்டூல் வேண்டும், ஸ்டூல் போட்டால் கதவைத் திறக்க முடியாது. பழகினால் சரியாகிவிடும்.

மொத்தத்தில் வீடு பிரமாதமாக வந்திருக்கிறது. நடுவில் பெரிய அறை, இரண்டு பக்கமும் சின்ன அறைகள், மேலே விரித்த அட்டையில் ஒரே கூரை. கூரை ஒரு பக்கம் இறங்கியிருப்பது மழைத் தண்ணீர் வடிவதற்காக என்று வைத்துக்கொள்ளலாம். உறுதியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், சாய்ந்து பார்க்கும் அவசியமே எனக்கு ஏற்படவில்லை. தங்கள் உயரத்துக்கு இதனுள் நுழைய முடியாது என்பதுதான் ஒரே வருத்தம். ஊஞ்சல் சும்மா கிடந்தால் துருப்பிடிக்கும், மூடி வையுங்கள்.

சம்பந்தி அம்மாவுக்கு என் மனைவி தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். தங்கள் முழங்கால் வலி சீக்கிரம் குணமாகி, வீட்டில் எல்லோரும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி உறையில் போட்டுவிட்டேன். குழந்தை வந்து பார்க்கட்டும், அப்புறம் அனுப்பலாம் என்று என் மனைவி அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். குழந்தை இன்று காலை வந்தாள். வீட்டைப் பார்த்துக் கைதட்டினாள். உள்ளே போனாள். தும்மினாள். கூரை இறங்கியது, பக்கத்து அறைகள் ஆளுக்கொரு திசையில் சாய்ந்தன, பெரிய பெட்டி அம்புக்குறியோடு புல்லில் படுத்துவிட்டது. அதற்குள்ளிருந்து அவள் சிரித்துக்கொண்டே தவழ்ந்து வந்தாள், ஒரு கீறல் இல்லை. எனக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று. இனி ஊஞ்சல்தான் என்று நினைத்து, அவள் பையை எடுத்துக் கொடுக்கவே போய்விட்டேன். அவள் ஒரு அட்டையைத் தூக்கிப் பார்த்து, நான் ஒட்டும்போது அந்தப் பக்கம் யார் பிடித்துக்கொண்டது என்று கேட்டாள். யாருமில்லை என்றேன்.

"ஒரு தாத்தா பிடிச்சுக்கணும், ஒரு தாத்தா ஒட்டணும். அந்தத் தாத்தா எங்க?"

ஊஞ்சலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றேன். "ஊஞ்சல் எங்கயும் போகாது. அவர வரச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு, சாய்ந்த பெட்டிக்குள் மறுபடி போய்ப் படுத்துக்கொண்டாள். நீங்கள் வந்தால்தான் எழுந்திருப்பாளாம்.

என் மகன் இப்போதே வேலையாக உங்கள் ஊர்ப் பக்கம் கிளம்புகிறான், புதிதாக எழுத நேரமில்லை. மேலே படித்ததையெல்லாம் மறந்துவிட்டு, சம்பந்தி அம்மாவையும் அழைத்துக்கொண்டு அவன் வண்டியிலேயே ஏறி வாருங்கள். கூரையைப் பிடிக்க உங்கள் உயரத்துக்கு இங்கே ஆள் கிடையாது. டேப் நிறைய இருக்கிறது. பெட்டியைப் படுக்க வைத்தே கட்டுவோம்.